குழாயில் தெரிந்த கப்பல்

ஆதியில் இருள் இருந்தது. அந்த இருளைக் கிழித்துக்கொண்டு முதல் ஒளிக்கீற்று எப்போது பூமியைத் தொட்டதோ, அப்போதே மனித நாகரிகம் பிறந்துவிட்டது. இந்தப் பேருண்மையை மானுடத்துக்கு அவ்வப்போது நினைவூட்டும் பொறுப்பு, லிஃப்ட் வேலை செய்யாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இயங்கிய ஓர் அலுவலகத்தின் தலையில் விழுந்திருந்தது. அவர்கள் கம்ப்யூட்டரில் குளியலறை வரைபவர்கள்.

கட்டி முடிக்காத வீட்டை விற்க வேண்டுமென்றால் கட்டி முடித்த மாதிரி ஒரு படம் வேண்டும். அந்தப் படத்தில் மற்ற அறைகள் எப்படி இருந்தாலும் சரி, குளியலறையைப் பார்த்தால் வாங்க வந்தவர் சொக்கிப் போக வேண்டும். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது, அலுவலகத்தின் முதலாளியைத் தவிர. கறுப்புச் சட்டையைத் தவிர வேறெதுவும் அணியாத அவர், "நாம வரையறது குளியலறை இல்ல. மனுஷன் தன்னைத் தானே சந்திக்கிற இடம்" என்பார். அவருடைய அலுவலகக் கழிவறையில் தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருஷமாகிறது. உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. பாட்டு கேட்டால் யாரும் கதவைத் தள்ளமாட்டார்கள். முதலாளி மட்டும் பாடமாட்டார். கம்பீரமாக இருமுவார். ஊழியர்கள் அவருக்கு மகான் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த அலுவலகத்தில் வெளிச்சம் போடுகிறவன்தான் நம் ஆள். விசிட்டிங் கார்டில் 'ஒளி இயக்குநர்' என்று போட்டிருக்கும். கூப்பிடுவது என்னவோ பல்பு என்றுதான். நாற்காலி, மேசை வரைகிறவனுக்கு சோபா என்றும், மூலைக்கு மூலை தொட்டி வைக்கிற பெண்ணுக்குச் செடி என்றும் பெயர் வழங்கிய இடத்தில் பல்பு ஒன்றும் குறைச்சலான பெயரில்லை.

உள்ளபடியே கெட்டிக்காரன். டைல்ஸில் வெளிச்சம் எவ்வளவு வழுக்கும், ஈரத் தரையில் எவ்வளவு தேங்கும், கண்ணாடித் தடுப்பின் விளிம்பில் மட்டும் ஏன் பச்சை தட்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுப்பான். "மேலேருந்து நேரா விழற வெளிச்சத்துல உலக அழகியும் பேய்தான். குளியலறையில கண்ணாடி இருக்கு, கண்ணாடி முன்னாடி முகம் வரும். முகத்துக்கு எதிர்ல இருந்து, ரெண்டு பக்கமும் சமமா, மெத்துன்னு வரணும் வெளிச்சம்."

எப்படி வரவைப்பது என்பதற்குத் தொழிலில் இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, குளியலறைக்கு மூன்று சுவர்தான் வைப்பது. நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டுதான் படம் பிடிக்கிறார்கள், சுவர் இருந்தால் எங்கே நிற்பது? இரண்டாவது, கள்ள விளக்கு. அதாவது வெளிச்சம் தரும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் அப்படி எத்தனை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். மின்கட்டணமும் கிடையாது. பல்பின் படங்களில் மேகம் மாதிரி வெளிச்சம் பரவிக் கிடப்பதைப் பார்த்து, "இது எந்த ஜன்னல்லேருந்து வருது?" என்று ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. அழகாக இருக்கும்போது விலாசம் கேட்க யாருக்குத் தோன்றும்?

பல்பின் வீட்டுக் குளியலறையில் ஒரே ஒரு ட்யூப் லைட். கூரையில். மேலிருந்து நேராக விழும்.

பல்பின் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உலகத்தையே வெறுத்து வருகிறவர்களை முதலில் வரவேற்பது அவளுடைய சிரிப்புதான். "வெளிய இருக்கிற போர்டைக் கழட்டிடலாம். இந்தப் பொண்ணைக் கழட்ட முடியாது" என்று பல் டாக்டரே சொல்வார். அந்தச் சிரிப்புதான் ஒருநாள் காலையில் காணாமல் போனது. வாய் கொப்பளித்தாள், தண்ணீர் இடது ஓரத்தில் தானாக வழிந்தது. கண்ணை மூடினாள், இடது கண் மூடவில்லை. முகத்தின் இடது பாதி, சொல்லிக்கொள்ளாமல் லீவு போட்டுவிட்டது.

அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு ஒன்று வீங்கியிருக்கிறது, மாத்திரைக்குக் கேட்கும் என்றார்கள். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த அம்மாள் மட்டும் கொஞ்சம் கறாராகப் பேசினாள்.

"கண்ணாடி முன்னாடி நின்னு செய்யணும். புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு, விசிலடி, பல்லைக் காட்டு. பானு, மாலான்னு உதட்டை ஒட்டிச் சொல்ற சொல்லாப் பார்த்துச் சொல்லு. கண்ணாடி பார்க்காம செஞ்சா நல்லா இருக்கிற பக்கமே எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யும். தூங்கற பக்கம் தூங்கிக்கிட்டே இருக்கும். இந்தச் சமயத்துல எழுப்பாம விட்டா அப்புறம் அதுக்கே அது பழகிடும், தெரிஞ்சுதா?"

தெரிந்தது. வீட்டுக்கு வந்த அன்றைக்கே பீரோக் கண்ணாடியின் மேல் ஒரு போர்வையைப் போட்டாள். கைக்கண்ணாடி, துணிகளுக்கு அடியில் போயிற்று. வீடியோவில் கூப்பிட்ட அக்காவிடம், "கேமரா கெட்டுப்போச்சுக்கா" என்று குரலை மட்டும் கொடுத்தாள். குளியலறைக் கண்ணாடி ஒன்றுதான் சுவரோடு ஒட்டியது. அதைக் கழற்ற முடியவில்லை. அதனால் விளக்கைப் போடாமல் விட்டாள்.

உலகத்துக் குளியலறைக்கெல்லாம் வெளிச்சம் போடுகிறவனுக்குத் தன் வீட்டில் இருட்டு வந்து உட்கார்ந்தது பல நாள் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறையைத் தாண்டிப் போனபோதுதான் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது, கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. சுவிட்ச் வெளியே இருந்தது. மறந்துவிட்டாளாக்கும் என்று அதைத் தட்டிவிட்டான்.

"லைட்டை ஃபோடாதீங்க!"

அவளுக்கு அப்போது 'ப' வராது. உதடு ஒட்டாமல் காற்று ஓடிவிடும். அவன் அணைத்தான்.

"இருட்டுல வழுக்கி விழுந்துட்டா?"

"விழுந்தா நல்லதுதான். இந்த ஃபக்கமும் கோணிக்கும். சமமாயிடும்."

"ஏம்மா, கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்யச் சொன்னாங்களே?"

"செய்யறேனே."

"இருட்டுலயா?"

உள்ளே செம்பு வாளியில் மோதும் சத்தம்.

"ஒருநாள் அந்த லைட்டுல ஃபார்த்தேங்க. ஃபாதி மெழுகுவத்தி உருகி நிக்கிற மாதிரி இருந்துச்சு. என்னை ஃபார்த்து எனக்கே இப்படின்னா, மேசைக்கு வர்றவங்களுக்கு எப்படி இருக்கும்? டாக்டருக்கு வேலையே இருக்காது. ஃபல்லு ஃபயத்துல தானா விழுந்துடும்."

அவள் சொன்னது சிரிக்கத்தான். பல்புக்குச் சிரிப்பு வரவில்லை. உலக அழகியும் பேய்தான் என்று ஊருக்கு உபதேசம் செய்த வாய் கதவுக்கு வெளியே கப்சிப் என்று நின்றது.

வேறு யாராவது என்றால் கடைக்குப் போய், கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு நல்ல விளக்கு வாங்கி வந்திருப்பார்கள். பல்பு கலைஞன். அவன் படம் போட்டான். அளவு நாடாவை எடுத்துத் தன் வீட்டுக் குளியலறையை அங்குலம் அங்குலமாக அளந்து, வேலைக்கு நடுவே திருட்டுத்தனமாக அதைக் கம்ப்யூட்டரில் கட்டினான். விரிசல் விட்ட டைல்ஸை மாற்றினான். சுண்ணாம்புக் கறையை எடுத்தான். வெளிச்சம் பனிமூட்டம் மாதிரி கண்ணாடியைத் தழுவ, படம் தேவலோகமாக வந்திருந்தது. எட்டிப் பார்த்த செடி, "ஒரு ஃபெர்ன் தொட்டி வெக்கட்டுமா?" என்றாள். "எங்க வீட்டுல வாளி வெக்கவே இடமில்ல" என்றான். "வாளி எங்க?" என்றாள். "வாளி வெச்சா படம் கெட்டுடும்" என்றான்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், உதட்டின் இடது ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு.

"நல்லா இருக்கு. யாரு வீடு?"

"நம்ம வீடு!"

"இதுவா?" கிட்டே வந்து பார்த்தாள். "கதவு எங்க?"

"கதவு அந்தச் சுவர்ல இருக்கு. அந்தச் சுவரை எடுத்துட்டேன்."

"சுவரை எடுத்துட்டீங்களா! நான் குளிக்கறதைத் தெருவே ஃபார்க்கவா?"

"படத்துக்காக எடுத்தது. விடு. கண்ணாடியைப் பாரு, எப்படி வெளிச்சம் வருது பாரு. எதிர்ல இருந்து, மெத்துன்னு. இந்த வெளிச்சத்துல நீ பார்த்தா..."

"அது எங்கேருந்து வருது?"

முதன்முதலாக ஒரு வாடிக்கையாளர் விலாசம் கேட்டுவிட்டார். பல்பு தடுமாறினான்.

"அது... ஒரு கள்ள விளக்கு. பெரிய வெள்ளைப் பலகை மாதிரி ஒண்ணு. தெரியாது."

"தெரியாதது எங்க இருக்கு?"

"கதவு இருக்கிற இடத்துல."

"அப்ப இந்த வெளிச்சம் வேணும்னா கதவைத் திறந்து வெச்சுட்டு, அங்க ஒரு ஃபெரிய ஃபலகையை நிறுத்தணும்." டம்ளரைக் கழுவி வைத்தாள். "இதைக் கண்டுபிடிக்கத்தான் மூணு நாளா ஆஃபீஸ்ல லேட்டா?"

படுத்த பிறகும் பல்புக்கு அவமானமாக இருந்தது. பல்பு வாங்குவது அவனுக்குப் புதிதில்லை. கட்டினவளிடம் வாங்குவதுதான் கொஞ்சம் உறைத்தது.

காலையில் பல் தேய்க்கக் குளியலறைக்குப் போனவன், தூக்கக் கலக்கத்தில் கதவைச் சாத்த மறந்தான். விளக்கைப் போடவும் மறந்தான். வாயில் பிரஷ்ஷோடு கண்ணாடியைப் பார்த்தான். தன் முகம் அத்தனை சாந்தமாக இருந்து அவன் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே கருப்பில்லை, மூக்கின் நிழல் இல்லை. யாரோ நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருந்தான்.

திரும்பிப் பார்த்தான். குளியலறைக் கதவுக்கு நேர் எதிரே, இரண்டு எட்டு நீள நடையைத் தாண்டி, பின்பக்கத்துக் குட்டி பால்கனி. அங்கே கொடியில் அவள் நேற்றுத் துவைத்துப் போட்ட வெள்ளைப் போர்வை தொங்கியது. காலை வெயில் அதன் மேல் விழுந்து, அதிலிருந்து எழுந்து, நடையைக் கடந்து, கதவு வழியாக வந்து கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரிலிருந்து. மெத்தென்று.

பற்பசை நுரை வழிய வழிய ஓடினான்.

"எழுந்திரு! கள்ள விளக்கு கிடைச்சுடுச்சு!"

"ஃபோலீஸ்ல சொல்லுங்க" என்று அவள் திரும்பிப் படுத்தாள்.

"வந்து பாரேன்."

"கண்ணாடியா? ஃபார்க்க மாட்டேன்."

"நீ பார்க்க வேணாம். என்னைப் பாரு. நான் செய்யறேன், சரியா செய்யறேனான்னு மட்டும் சொல்லு."

இதை மறுக்க முடியவில்லை. புருஷன் ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறானா என்று மேற்பார்வை பார்க்கும் வாய்ப்பு எந்த மனைவிக்கும் லேசில் கிடைப்பதில்லை. அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள், தலையைக் குனிந்துகொண்டு. பல்பு புருவத்தைத் தூக்கினான்.

"தூக்கிட்டேன்."

"ம்."

"கன்னத்தை உப்பறேன்."

வாயில் பற்பசை மிச்சமிருந்ததை மறந்து உப்பினான். அது புஸ்ஸென்று கண்ணாடியெல்லாம் தெறித்தது. சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தாள். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே, உப்பிய கன்னத்தோடு திகைத்து நின்ற அவனைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

சிரித்தபோதுதான் அவன் தோளுக்கு மேலே, அவன் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் சிரிப்பதைப் பார்த்தாள். வலது பக்கம் முழுசாகச் சிரித்தது. இடது பக்கம், வீட்டில் விருந்தாளி வந்தது தெரியாமல் தூங்குகிற பிள்ளை மாதிரி அப்படியே இருந்தது.

பல்பு நகரவில்லை. நகர்ந்தால் நிழல் விழும்.

அவள் மெதுவாகக் கையைத் தூக்கி இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"என்னது?"

"இருட்டுல நான் இதைவிட மோசமா இருந்தேங்க."

ஈரத் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தான்.

அதன் பிறகு தினமும் காலையில், வெயில் பால்கனியில் நிற்கும் நேரம்வரை, கதவைத் திறந்துவைத்துப் பயிற்சி நடந்தது. போர்வை நனையவேயில்லையென்றாலும் கொடியில் தொங்கியது. பல்பு வாளியைக் கவிழ்த்துப்போட்டு வாசலில் உட்கார்ந்து கூடவே செய்தான். அவள் புருவம் தூக்கினால் இவனும் தூக்குவான். அவள் விசிலடித்தால் வெறும் காற்று வரும். இவனுக்கும் விசில் வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. உதட்டை ஒட்டிச் சொல்ல வேண்டிய சொல்லாக அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

"ஃபல்ஃபு."

"உதடு ஒட்டலை. மறுபடியும்."

"ஃபல்ஃபு. ஃபல்ஃபு. கட்டின புருஷனை ஃபேர் சொல்லிக் கூப்பிட எவ்வளவு கஷ்டம் ஃபாருங்க."

அலுவலகத்தில் அந்தச் சமயம் ஒரு நெருக்கடி. அடுக்குமாடி கட்டி விற்கும் ஒரு பெரிய புள்ளி, நகரத்தின் முக்கியமான சாலையில் தன் விளம்பரப் பலகைக்கு ஒரு குளியலறை கேட்டிருந்தார். பல்பு வஞ்சனையில்லாமல் ஒரு டஜன் கள்ள விளக்குகளைத் தொங்கவிட்டுப் படம் செய்தான். அடுக்குமாடிக்காரர் அதைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பார்த்தா குளிக்கணும்னு தோணலையே."

"குளிக்கிறது இங்க நோக்கமே இல்ல சார்" என்றார் மகான். "இது ஒரு தரிசனம்."

"தரிசனத்துக்குக் கோயிலுக்குப் போய்க்கிறேன். இதுல வெளிச்சம் எங்கேயும் போகல, எங்கேருந்தும் வரல. செத்துக் கிடக்கு."

அவர் போன பிறகு மகான் பல்பைக் கூப்பிட்டு, ஒளிக்கு ஆன்மா உண்டு என்றும், அதை அடுத்த வாரத்துக்குள் போட்டுவிடும்படியும் சொன்னார்.

தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. நிஜமான ஓர் இடத்தில், எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் படமெடுக்கும் உருண்டைக் கேமராவை வைத்து, அந்த இடத்தின் வெளிச்சத்தை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் அறைக்குள் கொட்டலாம். அப்புறம் அந்த அறையில் விழுவது அந்த இடத்து வெயில்தான். பெரிய அலுவலகங்கள் இதற்காக மலை உச்சிக்கும் கடற்கரைக்கும் ஆளனுப்பும். பல்பு அலுவலகக் கேமராவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் காலையில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில், கேமராவை அதன் மூன்று காலில் நிறுத்தினான்.

"இது எல்லாப் பக்கமும் பார்க்கும். நாம இருந்தா நாமளும் விழுந்துடுவோம். வா, ஒளிஞ்சுக்கணும்."

இருவரும் சமையலறைக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் ஒடுங்கினார்கள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை. அவன் போனில் பொத்தானை அழுத்தினான்.

"மூச்சு விடலாமா?" என்று கிசுகிசுத்தாள்.

"மூச்சு படத்துல விழாது."

"அப்ப ஏன் நீங்க விடல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சட்டை வழியாக அவளுடைய கன்னங்கள் உப்பி இறங்குவதை அவன் உணர்ந்தான். இரண்டு பக்கமும். இடது பக்கம் கொஞ்சம் லேட்டாக வந்தது, ஆனால் வந்தது. அவன் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம்.

மனிதர்கள் ஒளிய வேண்டும் என்பது இருவருக்கும் நினைவிருந்தது. கொடியில் போர்வைக்குப் பக்கத்தில் வேறென்ன காய்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை.

அந்த வெளிச்சத்தைக் கொட்டியதும் அடுக்குமாடிக்காரரின் குளியலறை கண் விழித்தது. டைல்ஸ் ஓரங்களில் வெயில் நின்றது. தொட்டியின் உட்பக்கம் கதகதப்பாயிற்று. கள்ள விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான், ஒன்றும் குறையவில்லை. பாட்டு பாடிக்கொண்டே கழிவறைக்குப் போன சோபா, பல்பின் திரையைப் பார்த்துப் பாட்டை நிறுத்தினான்.

அடுக்குமாடிக்காரர் வந்தார். இந்தத் தடவை தலையைச் சாய்க்கவில்லை.

"இதுல குளிக்கலாம்" என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வெள்ளிபோல் மின்னும் குழாயைக் காட்டினார். "இதென்ன உள்ள ஏதோ தெரியுது?"

பளபளக்கும் குழாயில் சுற்றுப்புறம் தெரியும். அதுதான் இயற்கை. வளைந்த குழாயில் வளைந்து தெரிந்ததைப் பல்பு அப்போதுதான் பார்த்தான். போர்வை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் தெரிந்ததையும் பார்த்தான். சட்டென்று மவுஸை எட்டிப் பிடித்தான்.

மகானுக்கு அந்தப் பதற்றமெல்லாம் இல்லை. அவர் எழுந்து நின்றார்.

"கவனிச்சுட்டீங்களே சார். எல்லாரும் கவனிக்க மாட்டாங்க. அது ஒரு கப்பல். பாய்மரக் கப்பல். விடியற்காலையில துறைமுகத்தை விட்டுக் கிளம்புது. அதோட வெள்ளைப் பாய்லேருந்து வர்ற வெளிச்சம்தான் இந்த அறை முழுக்க. இதுக்காக எங்க ஆள் கடலோரத்துல..."

"சார்" என்றான் பல்பு.

"படைப்பாளி பேசக் கூடாது. படைப்பு பேசும்."

"பக்கத்துல நீலமா, கோடு போட்டு, சின்னதா?" என்றார் அடுக்குமாடிக்காரர்.

"கொடி" என்றார் மகான். "கப்பல்னா கொடி இருக்கும்."

"சார், அந்தக் கொடியை மட்டும் நான் எடுத்துட்டு..."

"எடுக்கறதா!" அடுக்குமாடிக்காரர் மேசையைத் தட்டினார். "தம்பி, எங்க தாத்தா கடல்ல போனவரு. இந்தக் கொடியை எடுத்தா இந்தப் படமே வேணாம். அறையெல்லாம் எதுக்கு? குழாயை மட்டும் போடுங்க. பெருசா. பார்க்கிறவன் கண்ணுல கப்பல் தெரியணும்."

வீட்டில் இதைச் சொல்லலாமா என்று பல்பு யோசித்தான். அவள் வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இடது கண் மூட ஆரம்பித்திருந்தது. தண்ணீர் வழிவது நின்றிருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்கு முகம் திரும்பிவிட்டது என்று பயிற்சி அம்மாள் சொன்னாள். அவள் நம்பவில்லை. வேண்டுமென்றே சிரித்தால் இடது ஓரம் இன்னும் பின்தங்கியது. 'ப' சில நேரம் வந்தது, சில நேரம் ஓடிவிட்டது. பீரோக் கண்ணாடியில் போர்வை அப்படியே இருந்தது. குளியலறைக் கண்ணாடியை மட்டும்தான், அந்த ஒரு வெளிச்சத்தில் மட்டும்தான் பார்த்தாள். இந்த நேரத்தில் குழாய்க் கதை எதற்கு என்று விட்டுவிட்டான்.

முதல் நாள், மத்தியான ஷிஃப்டுக்கு, அவனே கூட்டிக்கொண்டு போனான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள்.

"வணக்கம், உக்காருங்க, டாக்டர் இப்ப வந்துடுவாரு. சரியா வருதா?"

"வருது."

"சிரிச்சா?"

"நல்லா இருக்கு."

"நீங்க சொல்வீங்க. அங்க மேலே ட்யூப் லைட்டுங்க. வரிசையா எட்டு. எல்லாம் நேரா தலைக்கு மேல." கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "நம்ம வீட்டு வெளிச்சத்தைக் கையில எடுத்துட்டு வர முடியுமா?"

பல் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினார்கள். பஸ் நகர்ந்ததும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நிறுத்தத்துக்குப் பின்னால், இரண்டு மாடி உயரத்துக்கு, ஒரு குழாய். குழாயின் வளைவில் நல்ல காலை வெயில். அதில் ஒரு வெள்ளைப் பாய் புடைத்துக்கொண்டு நின்றது. கீழே பெரிய எழுத்தில்: 'உங்கள் விடியல் இங்கிருந்து புறப்படுகிறது.'

அவள் நின்றுவிட்டாள்.

"என்னங்க. அது நம்ம போர்வை."

"கப்பல்" என்றான் பல்பு.

"மூலையில நான் தெச்ச ஒட்டு இருக்கு. நம்ம போர்வைங்க அது!" கைப்பையால் வெயிலை மறைத்துக்கொண்டு இன்னும் உற்றுப் பார்த்தாள். "அதுக்குப் பக்கத்துல..."

"கொடி."

"கொடியா?"

"கப்பல்னா கொடி இருக்கும்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். மறுபடியும் அவனை, அவன் காதுகள் சிவந்துகொண்டு போவதைப் பார்த்தாள். வெடித்துச் சிரித்தாள். முகத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். தலைக்கு மேலே வெயில் நேராக, ஈவிரக்கமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தின் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே நேரத்தில் மேலே போயின.

"பல்பு!" என்றாள் மூச்சு வாங்க. "அட பல்பு!"

இரண்டு உதடும் ஒட்டிப் பிரிந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு இன்னும் அடங்காமலே சாலையைக் கடந்து ஆஸ்பத்திரிப் படியேறினாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், தன்னை அறியாமல் பதிலுக்குச் சிரித்து, வலியில் உடனே வாயை மூடிக்கொண்டார். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்கு முன்னால், அதில் தன் முகத்தை ஒரு கணம் பார்த்துக்கொண்டாள். திரும்பி, எதிர்ப்பக்கம் நின்ற பல்புக்குக் கையசைத்தாள். பிறகு அவன் தலைக்கு மேலே இருந்த பலகையைச் சுட்டிக்காட்டி, விரலால் காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டாள்.

பல்பு நிமிர்ந்து பார்த்தான். ஜட்டியில் ஓட்டை இருந்தது.